ப்ளூபெர்ரி சாப்பிடுவதால் உடலுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அறுபது வயதைக் கடந்த உங்கள் தந்தையாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் தம்பி ஒவ்வொரு முறை பேசும்போதும் “அப்பாவுக்குத் தினமும் ப்ளூபெர்ரி வாங்கிக் கொடு” என்கிறார். கடையில் கேட்டால் 125 கிராம் டப்பா ஒன்றுக்கு ஒரு கிலோ ஆப்பிளின் விலை சொல்கிறார்கள். அந்தச் செலவுக்கு அது பெறுமா, நினைவாற்றலுக்கு உதவுமா, நம் ஊரில் இதற்கு ஈடு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல பழம்தான், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மாத்திரை செய்யும் வேலையை அது செய்யாது, அதை வாங்காத வீட்டில் யாருடைய உடல்நலமும் அதனால் குறைந்துவிடப் போவதுமில்லை. எந்த ஆய்வுகளை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் தம்பி குடியிருக்கும் மாநிலத்துக்கும் இந்தப் பழத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வட அமெரிக்கப் பழங்குடிகள் பல நூற்றாண்டுகளாகக் காட்டில் பறித்துத் தின்றும், உலர்த்தி இறைச்சியோடு சேர்த்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தும் வந்த பழம் இது. தோட்டப் பயிராக மாறியது நியூ ஜெர்சியில்தான். நல்ல வளமான தோட்ட மண்ணில் வைத்தால் இந்தச் செடி ஏன் பட்டுப்போகிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்க வேளாண்மைத் துறைத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில், அதற்கு அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும் என்பதைக் கண்டறிந்து 1910-இல் வெளியிட்டார். அதைப் படித்த எலிசபெத் ஒயிட், வைட்ஸ்பாக் என்னும் ஊரில் கிரான்பெர்ரி பயிரிட்டுவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், அவருக்குக் கடிதம் எழுதினார். 1911-இல் இருவரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். காட்டில் பழம் பறிப்பவர்களிடம், பெரிய பழம் காய்க்கும் புதர்களை அடையாளம் காட்டினால் பணம் தருவதாகச் சொல்லி, கண்டுபிடித்தவரின் பெயரையே அந்தப் புதருக்குச் சூட்டினார் ஒயிட். அப்படிக் கிடைத்த ரூபெல் என்னும் வகை இன்றும் பயிரிடப்படுகிறது. முதல் விளைச்சல் 1916-இல் சந்தைக்கு வந்தது. அவர்கள் தேடியது பெரிய பழத்தை. உடல்நலத்துக்கு உதவும் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி தோலில் இருப்பதால், ஒரே எடைக்குத் தோல் அதிகமாக உள்ள சிறிய காட்டு ப்ளூபெர்ரியில்தான் அந்தச் சத்து கூடுதல்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பழத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டுங்கள். வெளியே கருநீலமாக இருந்தாலும் உள்ளே சதை இளம்பச்சை கலந்த வெண்மையாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் விளையும் பில்பெர்ரி இதற்கு நெருங்கிய உறவு. அதில் சதையும் கருஞ்சிவப்பாக இருக்கும், தின்றால் நாக்கில் சாயம் ஏறும். ப்ளூபெர்ரியில் ஆந்தோசயனின் என்னும் நிறமி தோலோடு நின்றுவிடுகிறது. பத்துப் பழங்களின் தோலை வெந்நீரில் நசுக்கி, வடிகட்டி, இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், நல்ல சிவப்பாகும். மற்றதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நீலமும் பச்சையுமாகத் திரியும். சோடா அதிகமாகிவிட்ட கேக்கில் ப்ளூபெர்ரியைச் சுற்றிப் பாசி பிடித்ததுபோல் தெரிவதும் இதனால்தான். கேக் கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இந்த விளையாட்டைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கிண்ணத்திலேயே இப்படி மாறும் பொருள், இரைப்பையின் அமிலத்தையும் சிறுகுடலின் காரத்தையும் கடந்து அப்படியே இரத்தத்தில் போய்ச் சேர்வதில்லை. நாம் தின்ற ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் உருமாறாமல் உறிஞ்சப்படுகிறது. மீதி பெருங்குடலுக்குப் போய், அங்கே வாழும் நுண்ணுயிர்களால் சிறு சிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைக்கப்பட்டு, அந்த வடிவத்தில்தான் இரத்தத்தில் சுற்றுகிறது. ஆகவே, “ப்ளூபெர்ரியில் ஆன்டி-ஆக்சிடன்ட் அதிகம், அது உடலில் உள்ள கழிவை எல்லாம் துடைத்தெடுத்துவிடும்” என்று விளம்பரங்களில் வரும் பேச்சை நம்பிவிட வேண்டாம். சோதனைக் குழாயில் ஓர் உணவுப்பொருள் எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பதை அளந்து அமெரிக்க வேளாண்மைத் துறை ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தது. அந்த எண்களை வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், உடலுக்குள் நடப்பதோடு அவற்றுக்குத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லி 2012-இல் அதே துறை அந்த அட்டவணையைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. பொட்டலங்களில் மட்டும் அந்தப் பெருமை இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் நன்மை எங்கிருந்து வருகிறது? இப்போதைக்கு வலுவாகச் சொல்லக்கூடிய இடம் இரத்தக் குழாய். குழாயின் உட்புறத்தை ஒற்றை வரிசைச் செல்களாலான மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து, தேவைப்படும்போது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. வயதும் சர்க்கரை நோயும் புகையும் இந்தப் படலத்தைக் கெடுக்கின்றன; குழாய் விறைக்கிறது; மாரடைப்புக்கான பாதை அங்கே தொடங்குகிறது. ஆந்தோசயனின் உடைந்து உண்டாகும் பொருள்கள் இந்தப் படலத்தின் செயலை ஓரளவு மேம்படுத்துகின்றன என்பதை மனிதர்களிடமே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். 50 முதல் 75 வயது வரை உள்ள, உடல் எடை மிகுதியோடு வளர்சிதை மாற்றக் கோளாறும் (இடுப்புப் பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் பல சேர்ந்து கெட்டிருக்கும் நிலை) இருந்த 115 பேர், ஆறு மாதம், தினமும் உறையவைத்து உலர்த்திய ப்ளூபெர்ரிப் பொடியையோ அதைப் போலவே நிறமும் சுவையும் உள்ள போலிப் பொடியையோ சாப்பிட்டார்கள். 150 கிராம் பழத்துக்குச் சமமான பொடி சாப்பிட்டவர்களுக்கு இரத்தக் குழாய் விரியும் திறன் கூடியது. நல்ல கொழுப்பும் சற்று உயர்ந்தது. அதில் பாதியளவு, அதாவது 75 கிராமுக்குச் சமமாகச் சாப்பிட்டவர்களின் இரத்தக் குழாயில் அந்த மாற்றம் தெரியவில்லை. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத ‘இன்சுலின் எதிர்ப்பு’ நிலை எந்தக் குழுவிலும் குறையவில்லை, இரத்த அழுத்தமும் இறங்கவில்லை. இந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்களில் அமெரிக்க ப்ளூபெர்ரி விவசாயிகளின் அமைப்பும் ஒன்று. அதனால் முடிவு பொய்யாகிவிடாது; தங்களுக்குச் சாதகமில்லாத முடிவுகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதால் எனக்கு இந்த ஆய்வின்மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது. ஆனாலும் இத்துறையில் வரும் ஆய்வுகள் பலவற்றுக்குப் பின்னால் பழத்தை விற்பவர்களின் பணம் இருக்கிறது என்பதை ஒரு மூலையில் நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்திருந்த 48 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் தினமும் 22 கிராம் பொடி சாப்பிட்டவர்களுக்கு மேல் எண் சராசரியாக 138-இலிருந்து 131-க்கு இறங்கியது. போலிப் பொடி சாப்பிட்டவர்களுக்கு மாற்றமில்லை. ஏழு புள்ளி என்பது அலட்சியப்படுத்தக்கூடிய இறக்கம் அல்ல. ஆனால் சிறிய ஆய்வு, குறுகிய காலம், அதிலும் ஒரு குறிப்பிட்ட வகைப் பெண்கள். நான் மேலே சொன்ன, அதைவிடப் பெரிய, நீண்ட ஆய்வில் இந்த இறக்கம் கிடைக்கவில்லை. உங்கள் தந்தையாரின் அழுத்தம் இதனால் குறையலாம், குறையாமலும் போகலாம் என்ற அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

பெரிய எண்ணிக்கைகளைப் பார்க்க விரும்பினால், ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளுக்குப் போக வேண்டும். அமெரிக்கச் செவிலியர்களில் 93,600 பெண்களைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஆந்தோசயனின் மிகுதியாக உண்டவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த நிறமி அவர்களுக்கு முக்கியமாகக் கிடைத்தது ப்ளூபெர்ரியிலிருந்தும் ஸ்ட்ராபெர்ரியிலிருந்தும். இந்த 32 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. தட்டில் பெர்ரிப் பழம் இருப்பவர் பெரும்பாலும் நடைப்பயிற்சிக்கும் போகிறவர், புகைக்காதவர், கொஞ்சம் வசதியுள்ளவர். இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் எண்ணைச் சொல்கிறார்கள் என்றாலும், வாழ்க்கை முறையை முழுதாகக் கழித்துவிடும் கணக்கு எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதை இந்த ஆய்வு உறுதியாகக் காட்டுகிறது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்பதைக் காட்டவில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையமான சர்க்கரை நோய்க்கு வருகிறேன். 100 கிராம் ப்ளூபெர்ரியில் ஏறத்தாழ 84 கிராம் தண்ணீர், 57 கலோரி, மாவுச்சத்து 14.5 கிராம், அதில் சர்க்கரை 10 கிராம், நார்ச்சத்து 2.4 கிராம். அதே எடையுள்ள வாழைப்பழத்தில் மாவுச்சத்து 23 கிராம் அளவுக்கு இருக்கும். ஆக, இது இனிப்பில்லாத பழம் அல்ல, மிதமான இனிப்புள்ள பழம். “சுகருக்கு ப்ளூபெர்ரி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்” என்று எவரேனும் சொன்னால் தவறு. 1,87,382 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2013-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், வாரத்துக்கு மூன்று முறை ப்ளூபெர்ரி உண்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. அதே கட்டுரையில், பழச்சாறு குடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 8 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த இரண்டாவது செய்தி நம் வீடுகளுக்கு மிகவும் தேவையானது. பழம் நல்லது என்பதால் அதன் சாறும் நல்லது என்று நினைத்து, டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அது நோய் வராதவர்களைப் பற்றியது. நோய் வந்தவர்களிடம் செய்த சோதனைகள் குறைவு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களான 52 ஆண்களிடம் எட்டு வாரம் நடத்திய சோதனையில், தினமும் 22 கிராம் பொடி சாப்பிட்டவர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.1 ஆகவும், போலிப் பொடி சாப்பிட்டவர்களுடையது 7.5 ஆகவும் இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் வேறுபாடில்லை. இது நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் ஒரே ஒரு சிறிய சோதனை. இதை நம்பி மாத்திரையின் அளவைத் தொட்டுவிடக் கூடாது என்று தந்தையாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு பழம் நல்லது என்று காதில் விழுந்தவுடன் மாத்திரையை ஒருவேளை விட்டுப் பார்க்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. அதுதான் எனக்கு இதில் உள்ள உண்மையான கவலை.

நினைவாற்றலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் வயதான எலிகளுக்கு ப்ளூபெர்ரி கலந்த தீனி கொடுத்து 1999-இல் வெளியான ஆய்விலிருந்துதான் இந்தப் பேச்சு தொடங்கியது. பிறகு 2012-இல், எழுபது வயதைக் கடந்த 16,010 செவிலியர்களைப் பற்றிய ஆய்வில், பெர்ரிப் பழங்களை அதிகம் உண்டவர்களுக்கு மூளைத் தளர்ச்சி இரண்டரை ஆண்டுகள் வரை தள்ளிப்போனதாகக் கண்டார்கள். மேலே மாரடைப்பு ஆய்வுக்குச் சொன்ன அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். நேரடியாகப் பொடி கொடுத்துச் செய்த சோதனைகள் மிகச் சிறியவை, முடிவுகளும் கலவையானவை. இரத்தக் குழாய்க்கு நல்லது மூளைக்கும் நல்லதாக இருக்கும் என்பது பொருத்தமான ஊகம்தான். மறதி நோயைத் தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கண்பார்வைக்கான பெருமை அதைவிட மெலிந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெர்ரி ஜாம் தின்றதால் இருட்டில் தெளிவாகப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று எதுவும் கிடையாது, பின்னாளில் அமெரிக்கக் கடற்படையினரிடம் சோதித்தபோது இரவுப் பார்வையில் மாற்றமும் தெரியவில்லை.

வைட்டமின் சி-க்காக இதை வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். 100 கிராமில் 10 மில்லிகிராம்கூட முழுதாக இல்லை. ஒரு கொய்யாவும் ஒரு நெல்லிக்காயும் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கும் இதைச் சொல்கிறார்கள்; அந்த ஆய்வுகள் பெரும்பாலும் கிரான்பெர்ரியைப் பற்றியவை, உறவுப் பழம் என்பதற்காக அந்தப் பெயரையும் இதற்கு ஒட்டிவிட்டார்கள். இதற்கு மாறாக, பலரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. இதில் பொட்டாசியம் குறைவு. 100 கிராமில் 77 மில்லிகிராம் மட்டுமே, வாழைப்பழத்தில் 360-ஐ ஒட்டி இருக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்து, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் பழங்களை எல்லாம் விலக்கியவர்களுக்கு, அளவோடு அனுமதிக்கப்படும் சில பழங்களில் இதுவும் ஒன்று.

எந்த வடிவில் வாங்குவது என்பதில்தான் காசு மிச்சமாகிறது, அல்லது வீணாகிறது. உறையவைத்த ப்ளூபெர்ரி, புதுப் பழத்துக்குக் குறைந்ததல்ல; பறித்த உடனே உறையவைப்பதால் நிறமி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இன்று உலகிலேயே மிகுதியாக ஏற்றுமதி செய்யும் பெரு நாட்டிலிருந்து கப்பலில் வரும் புதுப் பழம் நம் ஊர்க் கடைக்கு வந்துசேரப் பல நாள் ஆகிறது. இந்தப் பழம் பறித்த பிறகு இனிப்பேறுவதும் இல்லை. புளிக்கும் பழத்தை வீட்டில் வைத்துப் பழுக்க விடலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. உலர்ந்த ப்ளூபெர்ரி பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியது, தந்தையாருக்கு வேண்டவே வேண்டாம். ஜாம், மஃபின், சுவையூட்டிய தயிர் ஆகியவற்றில் படம் பெரிதாக இருக்கும், பழம் சிறிதாக இருக்கும். சில பிஸ்கட்டுகளில் நீலத் துணுக்குகளாகத் தெரிபவை சர்க்கரையும் எண்ணெயும் நிறமும் சேர்த்து உருட்டியவை. பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மாத்திரை வடிவில் வரும் ப்ளூபெர்ரிச் சாரத்துக்கு நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன்.

புதுப் பழம் வாங்கினால் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாறு கசிந்திருந்தாலோ பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். பழத்தின்மேல் திருநீறு பூசியதுபோல் ஒரு வெண்படலம் இருக்கும், விரலால் தேய்த்தால் போய்விடும். சிலர் அதை மருந்து என்று பயந்து வாங்கின உடனே தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. ஈரம் போகாமல் காப்பது அதுதான். ஆகவே கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும்போது தேவையானதை மட்டும் கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் முழுப் பழமாகக் கொடுக்காமல் நசுக்கிக் கொடுங்கள். தொண்டையில் அடைக்கும் அளவு அது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் இதை உண்ணத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இதில் வைட்டமின் கே 100 கிராமுக்கு 19 மைக்ரோகிராம்தான், கீரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எனினும் அந்த மருந்துக்கு உணவு நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

நம் ஊரில் இதற்கு ஈடு உண்டா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ப்ளூபெர்ரியின் பேரினமான வேக்சினியத்தைச் சேர்ந்த ஒரு சிறு மரம் நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் இயற்கையாகவே வளர்கிறது. உண்ணத்தக்க சிறு பழம் காய்க்கும். அது சந்தைக்கு வருவதில்லை. சந்தைக்கு வருவது நாவல். தாவரக் குடும்பம் வேறு என்றாலும் நாக்கைக் கருநீலமாக்கும் அந்தச் சாயமும் ஆந்தோசயனின்தான். ப்ளூபெர்ரியில் உள்ள டெல்ஃபினிடின், பெட்யுனிடின், மால்விடின் என்னும் மூன்றும் அதிலும் உண்டு. ஆனால் நாவற்பழத்தை நூறு பேருக்கு ஆறு மாதம் கொடுத்து இரத்தக் குழாயை அளந்த சோதனை போன்றவை நடந்திருந்தால் அல்லவா இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியும்? ப்ளூபெர்ரிக்குப் பின்னால் பணக்கார விவசாயிகளின் அமைப்பு இருக்கிறது. சாலையோரம் கூடையில் வைத்து விற்கும் நாவலுக்கு யார் இருக்கிறார்கள்? நிறமி ஒரே வகை என்பதால் பலனும் ஒரே திசையில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்வதுதான் தவறு. நாவல் கொட்டைப் பொடிக்கும் இதையே சொல்வேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஆனி, ஆடியில் நாவல் மலிவாகக் கிடைக்கும்போது ப்ளூபெர்ரி பக்கமே போகமாட்டேன். மற்ற மாதங்களில், கையில் வசதியிருந்தால், உறையவைத்த பொட்டலம் ஒன்றை வாங்கி, வாரத்தில் மூன்று நான்கு நாள், மாலையில் பிஸ்கட்டும் மிக்சரும் தின்னும் நேரத்தில் அவற்றுக்குப் பதிலாக 100 கிராம் கொடுப்பேன்; அவற்றோடு சேர்த்துக் கொடுக்கமாட்டேன். கொய்யாவையும் நெல்லிக்காயையும் நிறுத்தமாட்டேன். முதல் முறை கொடுக்கும் நாளில், சாப்பிடுவதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் வீட்டுக் கருவியில் சர்க்கரையைப் பார்த்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு மாலை, வழக்கமான பிஸ்கட்டுக்கும் அதையே செய்து, நான்கு எண்களையும் ஒரே தாளில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.